கொழும்புத்துறை லைனில் மணி அடித்த நாள்

நேற்றுப் பின்னேரம் பட்டணத்தில், செல்போன் திருத்தும் கடையொன்றில் என் போனைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சூடான சோல்டரிங் அயனை ஈயக் கம்பியில் தொட்டார். ஒரு கீற்றுப் புகை எழுந்தது. குங்கிலியமும் சுட்ட இரும்பும் கலந்ததுபோன்ற அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா?" என்றார். "ஒண்டுமில்லைத் தம்பி, நீங்கள் செய்யுங்கோ" என்றேன். அறுபதைத் தாண்டிய ஒரு பெண் ஈயப் புகையை ஆசையாக முகர்ந்து தனியே சிரித்தால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள்.

என் சிநேகிதியே, நீர் போனதிலிருந்து உம்மை நினைத்தால் அழுகைதான் வரும். சிரித்தது நேற்றுத்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இதை உமக்கு எழுதிவிட வேண்டும்போல் இருந்தது.

நாம் வேலை செய்த கம்பனியை இன்று பட்டணத்தில் விசாரித்தால் ஞாபகம் வைத்திருப்பவர்கள் அரிது. வெங்காயம், வாழைக்குலை, மீன் மூன்றையும் வாங்கித் தெற்குக்கு லொறியில் அனுப்பிய கம்பனி. தலைமைக் கந்தோர் பட்டணத்தில். வெங்காயக் களஞ்சியம் சுன்னாகத்தில். வாழைக்குலை சேர்க்கும் கொட்டகை என்னுடைய ஊரான நீர்வேலியில். ஐஸ் தொழிற்சாலையும் மீன் வைக்கும் குளிரறையும் கொழும்புத்துறைக் கடற்கரையில். இவை எல்லாவற்றையும் இணைத்த தொலைபேசிப் பலகைக்கு முன்னால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்தவள் நான்.

அந்தப் பழைய பலகை வேலை செய்ததை நீர் பார்த்ததில்லை. எந்தக் கிளையில் யார் போனைத் தூக்கினாலும் என் முன்னால் ஒரு சின்ன விளக்கு எரியும். நான் கேட்டு, கயிறுபோன்ற வயரை எடுத்துச் செருகி, வேண்டியவரோடு இணைத்துவிடுவேன். சுன்னாகத்துக் களஞ்சியக்காரர் கதைக்க முன்னமே அவருடைய இருமலில் ஆளைத் தெரிந்துவிடும். ஐஸ் தொழிற்சாலையில் மெசின் பார்க்கும் அருளப்பு அண்ணை தூக்கினால் அவருக்குப் பின்னால் மெசின் அடிக்கும் சத்தம் குதிரை ஓடுவதுபோலக் கேட்கும். மூன்று இடங்களிலும் என்ன நடக்கிறது என்று, கதிரையைவிட்டு எழும்பாமலே எனக்குத் தெரியும்.

பிறகு மனேச்சர் புதுப் பெட்டியை இறக்கினார். தானாகவே இணைக்கும் பெட்டி. ஆட்கள் டயலைச் சுழற்றி ஒருவரையொருவர் நேரே கூப்பிட்டுக்கொள்ளலாம். நடுவில் நான் தேவையில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை மட்டும் நான் பார்த்தால் போதும். பெட்டியைப் பராமரிக்கக் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தவர் எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வரப் பயந்துவிட்டார். அவரை யார் குறை சொல்வது? மனேச்சர் இங்கேயே ஆள் தேடினார். நீர் வந்தீர்.

நீர் வந்த காலை என் கண்ணில் அப்படியே நிற்கிறது. நீலப் பூப்போட்ட நூல் சேலை, ஒற்றைப் பின்னல், தோளில் துணிப்பை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் ஆண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் மின்னியல் படித்து முடித்தவர் என்று கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது. கிளாக்கர் உம்மை நேரே தட்டச்சு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீர் கதிரையில் இருக்கவேயில்லை.

"ஐயா, நான் ரைப் அடிக்க வரேல்லை. பெட்டி எங்கை இருக்குது? அதைக் காட்டுங்கோ."

பெட்டி இருந்த சிறிய அறைக்கு என்னுடைய அறைக்குள்ளால்தான் போகவேண்டும். நீர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினீர், துணிப்பையிலிருந்து ஒரு திருப்புளியையும் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்து வெளியே வைத்தீர், பெட்டியின் மூடியைக் கழற்றினீர். போனைக் காதில் வைத்து டயல் இரைச்சலைக் கேட்டீர். கேட்டுக்கொண்டே அதற்கு மேலே ஒரு சுரத்தைச் சேர்த்து மெல்ல முனகினீர். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேவாலயத்திலை நான் இரண்டாம் குரல். ஒரு சத்தம் கேட்டால் அதோடை சேர்ந்து பாடாமல் இருக்க ஏலாது. குறை நினைக்காதையும்" என்றீர்.

அன்று தொடங்கிய 'நீர்' தான். கடைசிவரை நாம் 'நீ' என்று இறங்கவுமில்லை, 'நீங்கள்' என்று ஏறவுமில்லை.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது ஒரு லொறி மீன். கொழும்புத்துறை லைன் காலையிலேயே செத்துப்போயிருந்தது. அது ஒருவருக்கும் தெரியாது. ஐஸ் தொழிற்சாலையில் மெசின் நின்று ஐஸ் குறைந்துவிட்டது. லொறியைப் பிந்தி அனுப்பக் கந்தோரின் உத்தரவு வேண்டும்; அதைக் கேட்க அருளப்பு அண்ணை போனைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். சத்தமே இல்லை. அவர் சைக்கிளில் ஆளை அனுப்ப, அந்த ஆள் வழியில் இராணுவச் சோதனையில் மாட்டிக்கொள்ள, லொறி போதிய ஐஸ் இல்லாமலே புறப்பட்டுவிட்டது. ஆனையிறவு தாண்டமுன்னமே மீன் மணக்கத் தொடங்கித் திரும்பி வந்தது. மனேச்சர் என்னிடம்தான் வந்தார். "ஒப்பரேற்றர் எண்டு நீர் ஏன் இருக்கிறீர்?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டார்.

அவர் போனதும் பெட்டி அறைக்குள் வந்து அழுதேன்.

"முந்தின பலகை எண்டால் எனக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப பெட்டி சத்தமில்லாமல் கிடக்குது. சத்தமில்லை எண்டால் லைன் சுகமா இருக்குதோ செத்துப்போச்சுதோ, எனக்கு எப்பிடித் தெரியும்?"

நீர் ஆறுதல் சொல்லவில்லை. திருப்புளியைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தீர். உம்முடைய கண்கள் பளபளத்தன.

"இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லும்."

"எதை?"

"சத்தமில்லை எண்டால் சுகமோ செத்ததோ எண்டு கேட்டீரே, அதை. அதைத்தானே பெட்டியைச் செய்தவங்கள் யோசிக்காமல் விட்டவங்கள்! கண்ணைத் துடையும். வாரும், இதுக்கு ஒண்டு செய்வம்."

என் கண்ணீர் காயமுன்னமே பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் படம் கீறத் தொடங்கிவிட்டீர். எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரை வைத்துச் சொன்னீர். குழாயை இறுக்கிப் பூட்டாமல் எப்போதும் ஒரு மெல்லிய ஒழுக்கு ஓடவிட்டால், அந்த ஒழுக்கு நிற்கும்போது குழாய் எங்கோ உடைந்துவிட்டது என்று தெரியும். அதுபோல ஒவ்வொரு லைனிலும் மிகச் சிறிய மின்சாரம் ஓயாமல் ஓடட்டும். அது நின்றால் லைன் அறுந்துவிட்டது. இங்கே ஒரு மணி அடிக்கட்டும். கூடுதலாக ஓடினால் அங்கே யாரோ போனைத் தூக்கிவிட்டார்கள். தூக்கியவர் கொஞ்ச நேரத்துக்குள் டயல் சுழற்றாவிட்டால் அதுவும் ஏதோ பிழை, அதற்கும் மணி.

"தூக்கிப்போட்டுச் சும்மா இருக்கிற ஆளுக்கு ஏன் மணி?" என்று கேட்டேன்.

"களஞ்சியத்திலை பூனை தட்டி விட்டிருக்கும். போன் விழுந்து கிடந்தால் அந்த லைனும் செத்த மாதிரித்தானே."

அப்போது பூனைக்கு மேல் நமக்கு யோசனை ஓடவில்லை.

மனேச்சர் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார்: பெட்டிக்கு ஒரு சேதமும் வரக்கூடாது. அதற்குப் பிறகு வந்த வாரங்களைப்போல ஒரு காலம் என் வாழ்க்கையில் திரும்ப வரவேயில்லை. சாப்பாட்டு நேரமெல்லாம் நமக்கு அந்த அறைதான். பழைய பலகையை உடைத்து அதிலிருந்த மின்காந்தச் சுருள்களை எடுத்தோம். பட்டணத்தில் றேடியோ திருத்தும் கடைகளில் குனிந்து குனிந்து பொறுக்கினோம். கரண்ட் நின்றாலும் வேலை செய்வதற்குப் பெட்டியோடு சேர்த்துக் கட்டியிருந்த நாலு லொறி பற்றரிகளுக்கு இடையில் கால் வைக்க இடமில்லாமல் நின்று நான் வயரைப் பிடிக்க, எப்போதும்போல எனக்கு வலப்பக்கம் நின்று நீர் ஈயம் ஒட்டினீர். இரண்டாம் நாளே அயனை என் கையில் தந்துவிட்டீர்.

"பிடிக்கிறதோடை நிக்கவேண்டாம். நீரே ஒட்டும்."

"எனக்கு ஏலாது. சுடும்."

"சுடும்தான். எனக்கும் சுட்டது. இந்தா பாரும்" என்று கைவிரல்களை விரித்துக் காட்டினீர். நான் ஒட்டிய முதல் மூட்டு வெற்றிலைச் சாறு துப்பியதுபோல் இருந்தது என்று நீர் சொன்னதை நான் மன்னிக்கவில்லை. பத்தாவது மூட்டைப் பார்த்து, "இது என்னுடையதைவிட வடிவு" என்றீர். அதை மறக்கவுமில்லை.

மணிகளைத் தெரிவு செய்ததுதான் பெரிய கூத்து. மூன்று இடங்களுக்கும் மூன்று வெவ்வேறு சத்தம் வேண்டும். பார்க்காமலே எந்த இடம் என்று தெரியவேண்டும். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் அடித்தாலும் ஒன்றையொன்று அமுக்கக்கூடாது என்று நின்றீர். நான் சாமியறைக் கைமணியைக் கொண்டுவந்தேன். நீர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல நாதம்தான், ஆனால் இதைக் கேட்டால் கிளாக்கர் கன்னத்திலை போட்டுக்கொண்டு எழும்பி நிண்டிடுவார்" என்றீர். கடைசியில் சுன்னாகத்துக்கு வண்டுபோல் இரையும் ஒரு பஸர், நீர்வேலிக்கு மரத்தில் தட்டுவதுபோல் 'டொக் டொக்' என்று ஒன்று, கொழும்புத்துறைக்கு ஒரு பழைய வீட்டு அழைப்புமணி. அந்த மணிக்குக் கூர்மையான, காதைத் துளைக்கும் குரல். "குளிரறை இருக்கிற இடம். அதுக்குத்தான் பெரிய தொண்டை வேணும்" என்றீர்.

முதல் சோதனை நாளன்று நீர் சைக்கிளில் கொழும்புத்துறைக்குப் போனீர். அங்கே வயரைக் கழற்றுவீர். இங்கே அடிக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். நான் கதிரை நுனியில் இருந்தேன். திடீரென்று அழைப்புமணி அலறியது. நான் அதைவிடப் பலமாகக் கத்தினேன். கிளாக்கரின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. நீர் வயரைத் திரும்பப் பூட்டிவிட்டு அங்கிருந்து கூப்பிட்டீர்.

"அடிச்சுதே?"

"அடிச்சுது! அடிச்சுது! ஐயோ, அடிச்சுதப்பா!"

இரண்டு பேரும் வேறொன்றும் கதைக்கத் தெரியாமல் போனில் சிரித்துக்கொண்டே நின்றோம்.

ஆனால் அதற்குப் பிறகு மணிகள் நிற்கவில்லை. காற்றடித்தால் நீர்வேலி தட்டியது. மழை தூறினால் சுன்னாகம் இரைந்தது. வாடிக்கையாளர்கள் மனேச்சரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது இரண்டும் சேர்ந்து கச்சேரி வைத்தன. நாம் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் போனோம். நீர்வேலியில் கொட்டகைக்குள் இறங்கும் லைனில் ஒருவர் கொழுக்கி போட்டு வாழைக்குலை தொங்கவிட்டிருந்தார். காற்றில் குலை ஆட, லைன் விட்டுவிட்டு அறுந்தது. அவர் என்னுடைய சித்தப்பாதான்.

"சித்தப்பா, உது ரெலிபோன் லைன்!"

"ஓம் பிள்ளை, நல்ல பலமான லைன். ரண்டு குலை தாங்குது" என்றார். நீர் வாய்க்காற் கரையில் குந்தி இருந்து கண்ணீர் வரச் சிரித்தீர்.

சுன்னாகத்தில் பூனை இல்லை; களஞ்சியக்காரர்தான். வெங்காயம் நிறுக்கும்போது தொல்லை வேண்டாமென்று போனைத் தூக்கி மேசையில் படுக்க வைத்துவிடுவாராம். அவருக்குக் கோபம் வராமல் நீர் கதைத்த விதத்தை இப்போதும் நினைப்பேன். அவருடைய பேரப்பிள்ளைகள் வரை விசாரித்து முடித்த பிறகுதான், "ஐயா, இனி வைச்சிடுங்கோ" என்றீர்.

மனேச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வெள்ளை முழுக்கைச் சட்டை கசங்காமல் வந்து கசங்காமல் போகிறவர். கூச்சல் அவருக்கு ஒத்துவராது. ஒருநாள் வந்து கதவருகில் நின்று மெதுவாகத்தான் சொன்னார்.

"பிள்ளையள், நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் கந்தோரிலை இருந்து கதைக்க ஏலாமல் கிடக்குது. இனி ஒருக்கா வீணாய் அடிச்சால், உதைக் கழட்டிப்போடுவம். சரியே?"

அவர் போனதும் நான் அந்த மணிகளைப் பார்க்கவே விரும்பவில்லை. நீர் மட்டும் அசையவில்லை.

"அவர் சொல்லுறது சரி. எல்லாத்துக்கும் கத்துறவன்ரை கத்தலை ஆர் கேக்கப்போறான்? பிழை எங்களிலைதான். மணிக்குக் கொஞ்சம் பொறுமை பழக்கவேணும்."

மணிக்குப் பொறுமை பழக்கினீர். லைனில் ஏதும் மாறினால் உடனே சத்தம் இல்லை. முதலில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியும். அது தானாகச் சரிவந்தால் விளக்கு அணைந்துவிடும், மனேச்சருக்குத் தெரியவே வராது. சரிவராமல் நீண்டால்தான் மணி. எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று நமக்குள் பெரிய வாக்குவாதம். நான் கூட்டச் சொன்னேன்; இன்னொரு வீண் மணியைத் தாங்க எனக்குத் துணிவில்லை. சுன்னாகத்துக்கும் நீர்வேலிக்கும் சம்மதித்தீர். கொழும்புத்துறைக்கு மட்டும் விடமாட்டேன் என்றீர்.

"அங்கை மெசின் இருக்குது, ஐஸ் கட்டிற அமோனியாக் காஸ் இருக்குது. அதுக்குக் கனநேரம் குடுக்க ஏலாது. குரல் எழும்ப முன்னம் ஒரு மூச்சு எடுக்கிறமே, அவ்வளவு காணும்."

அதோடு, மணி செத்துப்போனால் அதை யார் கண்டுபிடிப்பது என்று யோசித்து ஒரு சோதனைப் பொத்தானும் வைத்தீர். காலையில் வந்ததும் சேலைத் தலைப்பால் மணியைப் பொத்திக்கொண்டு நான் அதை அழுத்துவேன். துணிக்குள் மணி துடிக்கும். பொருமிக்கொண்டு கிடக்கும் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருக்கும்.

சில நாட்கள் அமைதியாகப் போயின. விளக்குகள் எரிந்தன, அணைந்தன. மணி அடிக்கவில்லை. மனேச்சர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "கழட்டிப்போட்டீங்களோ?" என்று கேட்டார். "இல்லை சேர், பழக்கிப்போட்டம்" என்றீர்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது.

நீர் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தீர். கொழும்புத்துறை விளக்கு எரிந்தது. போனைத் தூக்கியிருக்கிறார்கள். டயல் சுழற்றுவார்கள் என்று பார்த்தேன். சுழற்றவில்லை. அழைப்புமணி அலறியது.

கந்தோர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் கை மணியை நிறுத்தப் போனது. உண்மையைச் சொன்னால், நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் ஒரு கணம் தோன்றியது. நான் லைனில் புகுந்து, "கொழும்புத்துறை? அருளப்பு அண்ணை?" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. பூனை என்று நினைத்தேன். ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. எது என்று பிடிபடவில்லை.

"இஞ்சை வாரும். இதைக் கொஞ்சம் கேளும்" என்று கருவியை உம்முடைய காதில் வைத்தேன்.

நீர் கண்ணை மூடினீர். "மெசின் ஓடேல்லை" என்றீர்.

ஓம், அதுதான். குதிரை ஓடவில்லை.

"வேறை ஒரு சத்தம் இருக்குது. நல்லாய்க் கேளும். உஸ்ஸ் எண்டு, உச்சத்திலை, விடாமல். அது மனிசர் மூச்சில்லை. அது காஸ்."

நாம் ஒருவரையொருவர் பார்த்தோம். அது மத்தியானம்; வேலையாட்கள் சாப்பிடப் போயிருப்பார்கள்; அருளப்பு அண்ணை தனியே. இது பிழையென்றால் மணிகளும் போகும், உம்முடைய வேலையும் போகும், அதற்குப் பிறகு நம்மை யாரும் நம்பமாட்டார்கள். நீர் அதையெல்லாம் யோசித்தீரோ என்னவோ. சோற்றுக் கையோடு மனேச்சரின் அறைக்குள் ஓடினீர். நான் பின்னால் ஓடினேன்.

"சேர், ஐஸ் கட்டிற இடத்திலை அமோனியா கசியுது. அருளப்பு அண்ணை கதைக்கிறாரில்லை. கம்பனி வான் வேணும்!"

"மணி அடிச்சதை வைச்சோ சொல்லுறீர்?"

"மணி கூப்பிட்டுது சேர். நாங்கள் கேட்டுப்போட்டுச் சொல்லுறம்."

அவர் உம்முடைய முகத்தை ஒரு கணம் பார்த்தார். மேசையிலிருந்த சாவியை எடுத்தார். "ஏறுங்கோ" என்றார்.

அந்த வான் அப்படி ஓடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கொழும்புத்துறை வீதியில் திரும்பும்போதே மூக்கில் ஏறிவிட்டது. கண் எரிந்தது. தொழிற்சாலைக்கு வெளியே கடற்கரைச் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. "உள்ளை ஆரும் இருக்கினமோ தெரியேல்லை. கூப்பிட்டால் சத்தமில்லை" என்றார்கள்.

"இருக்கிறார்! உள்ளைதான் இருக்கிறார்! போனைத் தூக்கினவர்!" என்று நீர் கத்தினீர்.

பிறகு நடந்ததை நான் யாருக்குச் சொன்னாலும் மனேச்சரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். அந்தக் கசங்காத வெள்ளைச் சட்டையை அவர் கழற்றி, மீன் கழுவும் தொட்டிக்குள் முக்கி, மூக்கோடும் வாயோடும் சேர்த்துக் கட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு மீனவர் தன்னுடைய ஈரச் சாரத்துண்டைக் கட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்தார். "போன் எந்தப் பக்கம்?" என்று மனேச்சர் கேட்டார். லைன் போட்ட இடம் உமக்குத்தானே தெரியும். "வாசலாலை போய் இடக்கைப் பக்கம், சுவரோடை, குனிஞ்சு போங்கோ!" என்றீர். இருவரும் உள்ளே போனார்கள். நாமும் சனமும் சேர்ந்து வாளி வாளியாக வாசலில் தண்ணீர் ஊற்றினோம். எனக்குக் கண்ணே தெரியவில்லை. பக்கத்தில் உம்முடைய வாளி மோதும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர்கள் அருளப்பு அண்ணையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கடற்கரையே கத்தியது. அவர் இருமினார். அந்த இருமலைப்போல இனிமையான ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. நீர் சேற்றுக்குள் குந்திவிட்டீர். என் கையைப் பிடித்து, "கேட்டுதே? இருமினவர். கேட்டுதே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு அருளப்பு அண்ணை படுத்திருந்தார். அவருடைய மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நமது குரலைக் கேட்டதும் அண்ணை கையை நீட்டினார்.

"குழாய் மூட்டு வெடிச்சுப்போட்டுது, பிள்ளையள். மெசினை நிப்பாட்டினன். அதுக்குள்ளை கண் ரண்டும் அவிஞ்சு போச்சு. தட்டித் தடவிப் போனைத் தூக்கினன். டயலிலை எந்த ஓட்டை எண்டு தெரியேல்லை. ஒண்டும் சுத்த ஏலேல்லை. இனி முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லையே, எப்பிடி வந்தனீங்கள்?"

நீர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர். பிறகு மெதுவாக, "தூக்கினீங்கள்தானே, அண்ணை. எங்களுக்கு அது காணும்" என்றீர்.

படியிறங்கும்போது நமக்குக் கால் தரையில் படவில்லை. பூனைக்காக வைத்த மணியல்லவா! அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், சிரிப்புக்குள்ளே அழுதோம். ஒரு கடைக்குள் புகுந்து இருவரும் ஐஸ்கிறீம் வாங்கினோம். ஐஸ்தான் வேண்டுமா என்று நீர் கேட்க, அதற்கும் ஒரு பாட்டம் சிரிப்பு.

அடுத்த நாள் மனேச்சர் கண் சிவந்தபடி, புதுச் சட்டையோடு வந்தார். பெட்டி அறை வாசலில் நின்றார்.

"உந்த மணியைக் கழட்டச் சொன்னது ஆர்?"

"நீங்கள்தான் சேர்" என்றேன்.

"அந்த ஆளை வேலையாலை நிப்பாட்டுவம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாம் முதன்முதல் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "என்ரை அம்மா தனிய இருக்கிறா. வீட்டுக்கும் ஒண்டு போடேலுமோ?"

அருளப்பு அண்ணைக்குக் கண் பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. ஒன்று முழுதாக, மற்றது மங்கலாக. கட்டவிழ்த்த பிறகு உம்மை நேரில் பார்க்க வந்தவர், "நான் ஏதோ பெரிய உருப்படியான ஆள் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். உம்முடைய உயரம் என் தோள்வரைதானே.

எண்பத்தெட்டில் கலியாணம் செய்து திருகோணமலைக்குப் போனீர். போகும்போது திருப்புளிகளையெல்லாம் என்னிடம் தந்தீர். நான் வேண்டாமென்றேன். "அங்கை நான் வேறை வாங்குவன். இஞ்சை பெட்டியைப் பாக்க வேறை ஆர் இருக்கினம்? நீர்தான் ரெக்னீசியன்" என்றீர். பகிடி என்று நினைத்தேன். மனேச்சர் அடுத்த மாதமே அந்த வேலையை எனக்குத் தந்தபோதுதான், நீர் அவரிடம் முன்னரே கதைத்து வைத்தது தெரிந்தது.

தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் நின்றது, தொலைபேசி நின்றது, கம்பனியும் நின்றது. பாதை அடைபட்டுப் போய் நமக்குள் கடிதமும் நின்றது. பிறகு பாதை திறந்து, நரைத்த தலைகளோடு சந்தித்து, வாசலில் நின்றே சத்தம் போட்டுச் சிரித்து, அதற்கும் பிறகு போன மாசியில் உம்முடைய மகள் கூப்பிட்டு, "அன்ரி, அம்மா விடிய..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டதெல்லாம் உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. உமக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. சந்தித்தபோதெல்லாம் சொல்ல நினைத்து, கதை வேறெங்கோ போய்விட்டது.

தொண்ணூற்றிரண்டு அளவில், எங்கள் ஊருக்குக் கிட்ட ஒரு சின்னப் பிரசவ விடுதியிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். டொக்டரின் வீடு ஒழுங்கைக்கு அந்தப் பக்கம். ஒரு தாய்க்கு அந்தர அவசரமென்றால் மருத்துவமாது ஓடிப்போய்க் கதவைத் தட்டவேண்டும். அந்த நேரத்தில் தாய் தனியே கிடக்கவேண்டும். கரண்ட் இல்லை, பற்றரி வாங்க வழியில்லை. ஏதும் செய்ய ஏலுமோ என்று கேட்டார்கள். ஏலும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. உம்முடைய திருப்புளிகளை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் சில்லை நிறுத்தி, அதோடு டைனமோவைப் பூட்டி, மதிலுக்கு மேலால் வயரை இழுத்து, டொக்டரின் வீட்டில் ஒரு மணியை மாட்டினேன். அடுப்புத் தணலில் இரும்பைச் சூடாக்கித்தான் ஈயம் ஒட்டினேன். மருத்துவமாதுவிடம் சில்லைக் கையால் சுழற்றச் சொல்லிவிட்டு, டொக்டரின் வீட்டு விறாந்தையில் போய் நின்றேன்.

மணி அடித்தது. டொக்டர் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். எனக்கு வந்த சந்தோசப் புழுகத்தில் "அடிச்சுதப்பா!" என்று கத்திக்கொண்டு வலப்பக்கம் திரும்பினேன், உம்முடைய கையைப் பிடிக்க.

அன்றைக்கு மட்டுமில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஒரு சுவிச்சைத் திருத்தி லைற் எரிந்தாலும் சரி, கிணற்று மோட்டர் ஒரே தரத்தில் தண்ணீர் இழுத்தாலும் சரி, சந்தோசம் முழுதாக வந்து சேருமுன்னமே நான் வலப்பக்கம் திரும்பிவிடுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. ஆரைப் பாக்கிறீங்கள் என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை.